உபரி நீர்

எங்கள் படித்துறையில் பதினெட்டுப் படிகள். மாசி மாதத்தில் தண்ணீர் எட்டாம் படியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒன்பதாம் படியில் பாசி. பத்தாம் படியில் கால் வைத்தால், யாரோ ஆற்றோடு விட்ட வேட்டி விரலிடுக்கில் வழுக்கும். பதினோராம் படியில் ஷாம்பு உறைகள் சேற்றில் ஒட்டிக் கிடக்கும். ஒன்றை உரித்தெடுத்தால் கூடவே ஏதாவது நெளியும். பன்னிரண்டாம் படிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பாதத்துக்குத் தெரியும். அதை டைரியில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்தில் ஆற்றுப் பாலத்தைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கடக்கிறேன். சன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில், அக்கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் கல் மண்டபத்தைப் பார்ப்பேன். அதன் மேல் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், படுத்திருப்பார்கள், துண்டு உலர்த்துவார்கள். ஒரு பெண்ணைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. பெண்கள் இக்கரையில் குளித்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் படித்துறையிலிருந்து மண்டபத்துக்கு நீந்தித்தான் போக வேண்டும். நடுவில் கசம் இருக்கிறது. கால் தரை தட்டாத ஆழத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அந்தக் கசத்தைக் கைகால் அடித்துக் கடந்து, மண்டபத்தில் ஏறி உட்கார்ந்து, நான் தினமும் போய்வரும் பேருந்து பாலத்தில் ஊர்ந்து போவதை அங்கிருந்து பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

நீச்சல் தெரியாது என்பது முதல் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் அருவருப்பு. பேருந்து இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அலுவலக டம்ளரில் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் இலையை என் பாட்டில் தண்ணீரால் இரண்டாம் முறை கழுவுவேன். அப்படிப்பட்டவள் ஆற்றில் முகத்தை முக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவளுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அலுவலகத்தில் என்னை மேடம் என்பாள், வெளியே வந்தால் யக்கா என்பாள். ஒரு நாள் கோப்பு அறையில் அவளிடம் மட்டும் கேட்டேன், எனக்கு நீச்சல் சொல்லித்தருவாயா என்று. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொல்லித்தாரேன். ஆனா ஆத்துல முங்கணும். டெட்டால் பாட்டில்ல முங்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் காலை ஆறு பத்துக்கு என்று வைத்துக்கொண்டோம். நான் ஒரு திட்டம் போட்டேன். வாரத்துக்கு ஒரு படி. அந்தப் படியில் நிற்பது, உட்காருவது, முகம் கழுவுவது. அது குமட்டாமல் ஆன பிறகே அடுத்த படி. பதினெட்டாம் படி முடிந்ததும் நீச்சல். கார் நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டால் ஆறு இழுக்கும், அப்புறம் கசத்தில் இறங்க முடியாது. அதற்குள் கடந்தாக வேண்டும். கட்டம் போட்ட தாளில் எழுதி அவளிடம் காட்டினேன்.

"யக்கா, இது என்ன, ரேசன் கார்டா?" என்றாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். "இப்படி பைய பைய எறங்குனா நீங்க தண்ணிய தொடுததுக்குள்ள தண்ணி கடலுக்குப் போயிரும்."

கடைசியில் வாரத்துக்கு இரண்டு படி என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த மாதம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. காதில் ஒலிவாங்கி மாட்டிய ஒருவர் வந்து, பெரிய கனவு காண்கிறவர்கள் சின்ன அடிகளாக எடுத்து வைக்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். எங்கள் எல்லோரையும் எழுப்பி, ஆளுக்கு ஓரடி முன்னால் வைக்கச் சொன்னார். வைத்தோம். என் செருப்பு முன்வரிசைக்காரரின் குதிகாலில் பட்டது. கைதட்டச் சொன்னார். தட்டினோம். எனக்குக் குமட்டியது. நானும் அவர் சொன்னதைத்தான் ஆற்றில் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது இன்னும் குமட்டியது.

சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பதில் எனக்கு முன் அனுபவமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். வீட்டுக் கழிவுத் தண்ணீர் ஓடும் கால்வாயை நாங்கள் வாறுகால் என்போம். எங்கள் தெரு வாறுகால் எங்கும் போகாது. தெருக்கோடியில் இருந்த காலி மனையில் போய்த் தேங்கி, பச்சையாகி, கறுப்பாகி, குமிழி விடும். மழை பெய்தால் திரும்பி வீட்டுக்குள் வரும். ஒரு ஐப்பசியில் எங்கள் அடுப்படிக்குள் வந்த தண்ணீரில் மிதந்ததைப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரைத் தெருவைவிட்டு வெளியேற்றாமல் விடுவதில்லை என்று டைரியில் எழுதினேன். தெருக்காரர்கள் கூடி என்னைச் சங்கச் செயலாளராக்கினார்கள். எனக்கு மனு எழுத வரும் என்பதே காரணம்.

ஒன்பது வருடம் ஆயிற்று. மாநகராட்சி அலுவலகத்துக்கு அறுபத்தொரு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை போனால் ஒரு கையெழுத்து, ஒரு தடவை போனால் ஒரு வரைபடம், ஒரு தடவை போனால் பெரியவர் லீவு. எட்டாவது வருடத்தில் அங்கிருந்த எழுத்தர் ஒருவர் என் மேல் இரக்கப்பட்டு மனுவை வாங்கிப் படித்தார்.

"மேடம், கழிவு நீர்னு எழுதாதிய. கழிவு நீர்னா சுத்திகரிப்பு எங்க, அனுமதி எங்கன்னு கேப்பாவ. அது வேற செக்சனுக்குப் போயிரும். ஒங்க சர்வீசுல நடக்காது."

"பெறகு என்னன்னு எழுத?"

"உபரி நீர்னு போடுங்க. தெருவின் உபரி நீரை வாய்க்காலோட இணைக்கணும்னு. உபரி நீர யாரும் எட்டிப் பாக்க மாட்டாவ."

"அதுல அடுப்படித் தண்ணி, சோப்புத் தண்ணி எல்லாம் வருமே?"

"எல்லாம் தண்ணிதான மேடம்."

அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்து 'கழிவு' என்ற சொல்லை ஓர் அளவுகோல் வைத்து நேராக அடித்துவிட்டு, மேலே 'உபரி' என்று எழுதினேன். எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. தெருக்கோடியிலிருந்து குழாய் பதித்து வாய்க்காலில் சேர்த்தார்கள். அடுத்த வருடத்துக்குள் ஒவ்வொரு வீடாகக் கழிவறைத் தொட்டியின் குழாயையும் வாறுகாலில் விட ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு வந்த கொத்தனார், "எல்லா வீட்லயும் சேத்தாச்சு, ஒங்க டேங்க மட்டும் என்னத்துக்கு விட்டு வைக்கணும்? லாரிக்காரன கூப்புட்டுக்கிட்டு அலைய வேண்டாம்லா" என்றார். சரி என்றேன். அன்றைய டைரியில் இரண்டே வரி இருக்கிறது. 'கொத்தனார் பத்தரைக்கு வந்தார். குழாய் இணைக்கப்பட்டது.'

தெருவில் எனக்கு விழா எடுத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து மலையையே நகர்த்தியவர் என்று என்னைப் பற்றி ஒருவர் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பேச்சை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரிவரியாக எழுதி வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே கை கூசுகிறது.

படித்துறைக்குத் திரும்புகிறேன்.

பங்குனி நடுவில் பதினான்காம் படியில் நின்றேன். தண்ணீர் மார்புக்கு வந்தது. அவள் ஒரு காலி பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து என் கையில் கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டு காலை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பாதி வயிறு வரைக்கும் தண்ணீர் குடித்தேன். மேலேறி ஓங்கரித்தேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"யக்கா குடத்த நெறைக்க வந்தாவளா, வயித்த நெறைக்க வந்தாவளா?" என்றாள் ஒருத்தி.

எங்களுக்கு மேல்பக்கம், ஆறு வரும் திசையில், படித்துறையின் ஓரத்துச் சுவரை ஒட்டி, ஒரு சிமெண்டுக் குழாயிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் ஆற்றில் விழும். விழுந்த இடத்தில் நுரை. அதற்குக் கீழே அது விசிறி மாதிரி விரிந்து, பதிமூன்றாம் படி வரைக்கும் தடவிக்கொண்டு போகும். முட்டையழுகல் நாற்றம். அதைத் தினமும் பார்த்தேன். தினமும் எழுதினேன். 'கறுப்புத் தண்ணீர் இன்று அதிகம்.' 'ஆறரைக்கு மேல்தான் வேகமாக வருகிறது.' எவர் வீட்டு அழுக்கை எவர் தலையில் கொட்டுகிறார்கள், வெட்கம் இல்லாத ஜனங்கள், என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அவளிடமும் சொல்லிக் கோபப்பட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குடத்தைத் தட்டித் தண்ணீரை வடித்தாள். நான் அதைக் கவனிக்கத் தவறினேன். என்னைத் துல்லியமானவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அண்ணாச்சி வீட்டில் வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். முன் சுவருக்கு ஒரு ரோஸ் நிறம். பல்பொடி நிறம் என்று சொல்லலாம். பார்த்தாலே வாயில் இனிக்கும், அப்படி ஒரு அசிங்கம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நான் அன்று ஆற்றுக்குத் தாமதமாகக் கிளம்பினேன். கிளம்பும்போது பெயிண்டர் இரண்டு வாளியையும் உருளையையும் வாறுகாலில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். "இதையெல்லாம் இங்கனயா கழுவுவ?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

எட்டரைக்குப் பதினைந்தாம் படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்கவைக்கப் பார்த்தாள். தலையைச் சாய்த்தபோது கண்ணுக்கு நேரே அந்தச் சிமெண்டுக் குழாய் தெரிந்தது. அதிலிருந்து ரோஸ் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். துண்டைப் போர்த்திக்கொண்டு மேலேறினேன். அவள் கூப்பிட்டாள், நிற்கவில்லை. குழாய்க்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு சிறிய வாய்க்கால், அதன் மதகு பல வருடமாகப் பெயர்ந்து கிடக்கிறது. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கே ஆற்றில் சாய்கிறது. வாய்க்காலின் கரையோடு ஈர உடையில் நடந்தேன். வழியெல்லாம் ரோஸ் நிறம். எட்டு வைத்ததை எண்ணிக்கொண்டே போனேன், ஆயிரத்து நூற்று நாற்பது. கடைசி எட்டில் நான் எங்கள் தெருக்கோடியில், நான் வாங்கிக்கொடுத்த குழாயின் வாயில் நின்றேன்.

பெயிண்டர் இன்னும் கழுவிக்கொண்டிருந்தான்.

வீட்டில் குளித்தேன். மறுபடியும் குளித்தேன். இரண்டாவது தடவை தலையில் தண்ணீர் ஊற்றும்போது, அந்தத் தண்ணீர் என் காலடியில் சுழன்று ஓட்டைக்குள் போவதைப் பார்த்தேன். இது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை எட்டு என்றும் தெரியும். ஆறு வாரமாக நான் குடித்த தண்ணீர் இதுதான். இதில் என் பங்கும் இருந்தது. வாந்தி வந்தது. அதுவும் அங்கேதான் போயிற்று.

பதினோரு நாள் ஆற்றுக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் அவள் என் மேசையைத் துடைக்க வந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு, "என்ன மேடம், படியெல்லாம் முடிஞ்சிட்டா?" என்றாள்.

அவளைக் கோப்பு அறைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கள் தெருவிலிருந்து வருகிறது, மனு எழுதி அதை வரவைத்ததே நான்தான் என்று. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒங்க தெருத் தண்ணிதான்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்க்கா. கொழாய் போட்டப்பவே தெரியும். அதுக்கு முன்னால நாங்க அந்த மேல் ஓரத்துலதான் குளிப்போம். மணல்ல ஊத்து தோண்டி, குடிக்கத் தண்ணியும் அங்கனதான் எடுப்போம். பெறகு கீழ தள்ளி வந்துட்டோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க படிச்சவிய. தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வாறிய, ஒரு மனசு உறுத்தல்ல வாறியன்னு நெனச்சேன்." கையிலிருந்த துணியை உதறினாள். "நீச்சல் கேட்டிய. அதத்தான சொல்லித் தரணும்? வீட்டுக்கு வந்தவுககிட்ட ஒங்க வீட்டு நாத்தம்னா சொல்ல முடியும்?"

வீட்டுக்கு வந்தவள் என்று என்னைச் சொன்னாள். நான் அவள் குளிக்குமிடத்துக்குப் போய் ஆறு வாரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். என் அருவருப்பின் அட்டவணையை அவளிடம் காட்டியிருக்கிறேன். அவள் அதைப் பார்த்து ரேசன் கார்டு என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தெருச் சங்கத்தைக் கூட்டினேன். பதினேழு பேர் வந்தார்கள். நடந்ததைச் சொல்லி, முதலில் கழிவறைத் தொட்டிக் குழாய்களையாவது வாறுகாலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றேன். எதிர் வீட்டு அண்ணாச்சி தன் ரோஸ் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஒம்பது வருசம் நாயா அலைஞ்சு நீங்கதான் வாங்கித் தந்திய. பொன்னாடையும் நீங்கதான் போத்திக்கிட்டிய. இப்ப நீங்களே வேண்டாம்னா, நாங்க எந்தச் செயலாளர் பேச்சக் கேக்க? அப்பம் உள்ளவங்க பேச்சா, இப்பம் உள்ளவங்க பேச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, அது ஆத்துல விழுது. அங்கன ஆளுக குளிக்காங்க."

"அவ்வளவு பெரிய ஆத்துல இது எம்மாத்திரம்? நீங்க என்னத்துக்கு அங்க போய் நிக்கிய? வீட்ல பைப்பு இல்லையா?"

அந்தக் கேள்விக்குத்தான் பயந்து நான் யாரிடமும் ஆசையைச் சொல்லாமல் இருந்தேன். இப்போது பதினேழு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "நீச்சல் படிக்கப் போறேன்" என்றேன். ஒருவர் டீயைத் துப்பினார்.

மனு எழுதி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அறுபத்திரண்டாம் தடவை. பழைய எழுத்தர் ஓய்வு பெற்றிருந்தார். புதியவர் முதல் வரியைப் படித்தார். 'எங்கள் தெருவின் மலநீர், எங்கள் விண்ணப்பத்தின் பேரிலேயே, ஆற்றில் கலந்துகொண்டிருக்கிறது.' அவர் தாளை விரல் நுனியால் பிடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"என்ன மேடம் இது, சாப்புடுத நேரத்துல. படிக்கிற மாதிரி எழுதிட்டு வாங்க."

பதிவேட்டில் ஏற்றாமல் நகர மாட்டேன் என்று நின்றேன். நாற்பது நிமிடம் நின்றேன். எண் போட்டுக் கொடுத்தார். அந்த எண் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் இதுவரை ஒன்றும் இல்லை.

அதே கொத்தனாரை அழைத்து எங்கள் வீட்டுக் குழாயை அடைக்கச் சொன்னேன். அவர் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அதிகம் பேசாதவர். "அவ சொன்னா செஞ்சிரும். இல்லன்னா டைரில உம்ம பேரு ஏறிரும்" என்று மட்டும் சொன்னார். குளியல் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் கொல்லையில் வெட்டிய குழிக்குப் போகின்றன. குழியில் கொசு வருகிறது. தொட்டிக்கு லாரி வந்த அன்று தெரு முழுக்க நாறியது. ஏழு வருடமாக எங்கள் தெருவில் இல்லாத நாற்றம். பக்கத்து வீட்டுப் பெண் சன்னலை அடித்துச் சாத்தினாள். எனக்கும் அந்த நாற்றம் பொறுக்கவில்லை. ஆனால் அது எங்கள் வீட்டு நாற்றம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அளவில் அது ஒழுங்கான நாற்றம்.

நாற்பத்திரண்டில் ஒன்று குறைந்தது. படித்துறையில் போய்ப் பார்த்தேன். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் எந்த வித்தியாசமும் இல்லை. நுரை அதே இடத்தில் இருந்தது.

"ஒரு வீடு போனா தெரியவா போவுது?" என்றாள் அவள். "சரி, சவத்த விடுங்க. அண தொறக்க இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. படிக்க வந்தியளா, பாக்க வந்தியளா?"

எனக்கு இறங்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை அவளிடம் அப்படியே கேட்டேன்.

"ஆத்துக்கு என்னக்கா உரிம? அழுக்கு விட மட்டும் வருவியளோ? எறங்குங்க."

இறங்கினேன். கட்டம் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன். குடத்தை விட்டேன். கால் அடிக்க வந்தது, கை வர மறுத்தது. பிறகு கையும் வந்தது. குமட்டல் போகவில்லை. பழகப் பழகப் போகும் என்று நினைத்துத்தான் வாரத்துக்கு இரண்டு படி என்று இறங்கியிருந்தேன். போகவே இல்லை. குமட்டலோடு நீந்தப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். உதட்டை இறுக்கி, மூச்சை இடதுபக்கம் திருப்பி எடுக்க வேண்டும். வலதுபக்கம் திரும்பினால் குழாயின் தண்ணீர் வாய்க்குள் போகும். உலகத்தில் வேறெங்கும் நீச்சலை இப்படிச் சொல்லித்தருவார்களா என்று தெரியவில்லை. அவளுடைய குடியிருப்பில் ஏழு வருடமாகப் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள்.

வைகாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை. ஆறு இருபதுக்குப் பதினெட்டாம் படியிலிருந்து காலை எடுத்தேன். சுடிதாரின் கால்பகுதியைக் கயிற்றால் கட்டியிருந்தேன். அவள் என் வலதுபக்கம், மேல்பக்கமாக நீந்தினாள். கறுப்புத் தண்ணீர் முதலில் அவள் மேல் பட்டுத்தான் என்னிடம் வரும். கசத்தில் தண்ணீர் குளிர்ந்தது. கீழே எதுவும் இல்லை என்பது காலுக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு ஈரச் சேலை மிதந்து வந்து என் தோளில் ஒட்டியது. கத்த வாய் திறந்தால் தண்ணீர் போகும். கத்தாமல் இருந்தேன். அவள் அதை உரித்து எறிந்துவிட்டு, "நிக்காதிய, நிக்காதிய, கால அடிங்க" என்றாள். எண்ணிக்கொண்டே போனேன். நூற்றுப் பதினெட்டாவது கைவீச்சில் விரலில் கல் பட்டது.

மண்டபத்தில் அவள் முதலில் ஏறி என்னைக் கை கொடுத்துத் தூக்கினாள். அங்கே உடைந்த பாட்டில்கள், பீடித் துண்டுகள், ஒரு மூலையில் காய்ந்த மலம். தூணெல்லாம் மூத்திர நாற்றம். இருபத்தாறு வருடமாக நான் பேருந்திலிருந்து பார்த்து ஆசைப்பட்ட இடம் இது. உட்காரச் சுத்தமாக ஓரடி இடம் இல்லை. அவள் காலால் கண்ணாடித் துண்டுகளைத் தள்ளிவிட்டு ஓரிடம் பண்ணினாள். உட்கார்ந்தோம்.

பாலத்தில் நான் போகும் தடத்துப் பேருந்து போயிற்று. சன்னலில் யாரோ ஒரு பெண் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனாள். நான் எதிர்பார்த்த சந்தோஷம் வந்தது. அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு ஆறரை ஆயிற்று. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நேரம். எதிர்க்கரையில் சிமெண்டுக் குழாய் திடீரென்று தடித்துக் கொட்டத் தொடங்கியது. மண்டபத்திலிருந்து பார்த்தால் மொத்தமும் தெரிந்தது. விசிறி படித்துறையோடு நிற்கவில்லை. பெண்கள் துவைத்துக்கொண்டிருந்த கல் வரைக்கும், அதற்கும் கீழே பிள்ளைகள் குதிக்கும் இடம் வரைக்கும் போயிற்று. பக்கத்தில் இருந்தவரைக்கும் எனக்குப் பதிமூன்றாம் படி வரைதான் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நான் அளந்து எழுதியிருந்தேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"அசிங்கமா இருக்கு."

"மண்டபமா?"

"எல்லாந்தான். எங்க தெருவுதான்."

அவள் கூந்தலைப் பிழிந்தாள். அவளுடைய தோளிலும் கழுத்திலும் கறுப்பாக மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. கையால் வழித்துக் கல்லில் துடைத்தாள். எச்சில் தொட்ட விரலைத் துடைப்பது போல, அதை ஒரு காரியமாகவே நினைக்காமல் துடைத்தாள்.

"ஒங்க எதுத்த வீட்டு அண்ணாச்சி இருக்காவள்லா," என்றாள், "அவுகளுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"கூட்டிட்டு வாங்க. நான் சொல்லித்தாரேன். ஒரு வா குடிச்சாவன்னா போதும், கொழாய அவுகளே அடைச்சிருவாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூட்டிவர எத்தனை வருடம் ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போடும் என் புத்தியின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஆனால் வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ரோஸ் சுவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

"இந்தக் கரையில ஏறி பாலத்து வழியா நடந்து போயிருவமா? ஈரத்தோட போனா பாப்பாவ" என்றாள்.

வேண்டாம் என்றேன். எட்டு மணிக்கு நான் அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நீந்தினால்தான் நேரம் சரியாக இருக்கும். இந்தப் பக்கம் படி எதுவும் கிடையாது. கல்லைப் பிடித்துத் தொங்கிக் காலை விட்டேன். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது.